துகள்களைச் சீராகக் கலப்பது எப்படி? உருகிய அலுமினியம் முதல் எபாக்சி பிசின் வரை

சிலிக்கன் கார்பைடு துகள் சேர்த்த அலுமினிய வார்ப்பு ஒன்றை நெடுக்காக அறுத்து, மெருகேற்றி, வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். கலக்கல் தவறியிருந்தால் நுண்ணோக்கி தேவைப்படாது. மேல்பகுதி வெறும் அலுமினியமாகப் பளபளக்கும். அடிப்பகுதி மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். நடுவே ஆங்காங்கே கருந்திட்டுகள் தெரியும். அறுக்கும்போதே ஓரளவு தெரிந்திருக்கும்: மேலே எளிதாக இறங்கிய ரம்பம் அடியை நெருங்கியதும் கீச்சிட்டிருக்கும். கணக்கில் எழுதியது பத்து சதவீதத் துகள். வார்ப்பில் எந்த இடத்தை எடுத்து அளந்தாலும் அந்தப் பத்து சதவீதம் கிடைக்காது.

இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் செய்வது கலக்கியின் வேகத்தைக் கூட்டுவது. பல நேரங்களில் அதுவே நிலைமையை இன்னும் கெடுக்கும். சீராகக் கலப்பது என்பது ஒரே வேலையல்ல. அதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. துகளின் மேற்பரப்பைத் திரவம் நனைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டிகள் உடைய வேண்டும். உடைந்த துகள்கள் அடியில் படியாமல் பாத்திரம் முழுவதும் பரவி நிற்க வேண்டும். கடைசியாக, அந்தப் பரவல் கலையாமல் திரவம் உறைய வேண்டும். நனையாத துகளை வேகத்தால் நனைக்க முடியாது. உறையும்போது ஒதுங்கும் துகளைக் கலக்கியால் தடுக்க முடியாது. எந்த வேலை தவறியது என்று கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் திறமை இருக்கிறது.

தொடங்கும் முன் போட வேண்டிய கணக்கு

துகள் எவ்வளவு வேகமாகப் படியும் என்பதை ஸ்டோக்ஸ் விதி சொல்லிவிடும். துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் துகள் விட்டத்தின் இருமடியாலும் பெருக்கி, திரவத்தின் பாகுத்தன்மையைப் பதினெட்டால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். விட்டம் இருமடியாக வருவதை மனத்தில் கொள்ளுங்கள். துகளின் அளவு இரட்டித்தால் படியும் வேகம் நான்கு மடங்காகும்.

உருகிய அலுமினியத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,380 கிலோ. சிலிக்கன் கார்பைடுக்கு 3,210 கிலோ. உருகலின் பாகுத்தன்மை சுமார் 1.2 மில்லிபாஸ்கல் வினாடி. தண்ணீரைவிடச் சற்றுத்தான் கூடுதல். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் 30 மைக்ரான் துகள் வினாடிக்கு 0.34 மில்லிமீட்டர் இறங்கும். 10 மைக்ரான் துகள் வினாடிக்கு 0.04 மில்லிமீட்டர்தான் இறங்கும். 60 மைக்ரான் துகளோ 1.4 மில்லிமீட்டர் இறங்கிவிடும். துகள்கள் கூட்டமாக இறங்கும்போது ஒன்றையொன்று தடுப்பதால் வேகம் குறையும். கனஅளவில் 8.5 சதவீதத் துகள் இருந்தால் அது தனித்துகள் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்காகும். அதாவது 30 மைக்ரான் துகளுக்கு வினாடிக்கு 0.22 மில்லிமீட்டர்.

சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் கலக்கியை நிறுத்திய ஒன்றரை நிமிடத்தில் உருகலின் மேல் 20 மில்லிமீட்டரில் துகளே இருக்காது. கலக்கியைக் கழற்றி, மேலே சேர்ந்த கசடை வழித்து, மூசையை (உலோகத்தை உருக்கும் பாத்திரத்தை) தூக்கி, அச்சை நோக்கி நடக்க ஆகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அரும்பாடுபட்டு உருவாக்கிய பரவல் அந்த நேரத்துக்குள் கலைந்துவிடும்.

எபாக்சி பிசினில் நிலைமை நேர்மாறு. சாதாரண வெப்பநிலையில் பொதுவகை எபாக்சியின் பாகுத்தன்மை 11 முதல் 14 பாஸ்கல் வினாடி வரை இருக்கும். உருகிய அலுமினியத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு கெட்டி. அதை லேசாகச் சூடாக்கி 1 பாஸ்கல் வினாடிக்குக் கொண்டுவந்தாலும், 30 மைக்ரான் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள் ஒரு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர்தான் இறங்கும்.

ஓட்டத்தின் தன்மையும் அடியோடு மாறுகிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுழலியை உருகிய அலுமினியத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று சுழற்றினால், ஓட்டம் அமைதியானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் நாற்பதாயிரத்தைத் தாண்டும். கலக்கும் பாத்திரங்களைப் பொறுத்தவரை பத்தாயிரத்துக்கு மேல் முழுக் கொந்தளிப்பு ஓட்டம். அதே சுழலியை 10 பாஸ்கல் வினாடி பிசினில் இரு மடங்கு வேகத்தில் சுழற்றினாலும் அந்த எண் 5-க்கு அருகில்தான் இருக்கும். அது பத்துக்குக் கீழே என்பதால் முழுமையான வரிச்சீர் ஓட்டம், அதாவது சுழல்களின்றி அடுக்கடுக்காக நகரும் ஓட்டம். உருகலில் சுழல்கள் துகளை எங்கும் கொண்டு சேர்க்கும். துகள் படிவதுதான் அங்கே சிக்கல். பிசினில் துகள் எளிதில் படியாது. சுழலிக்கு எட்டாத மூலைகளில் திரவம் அசையாமல் கிடப்பதும், கட்டிகள் உடையாமல் தங்குவதும்தான் அங்கே சிக்கல். ஆகவே இரண்டுக்கும் ஒரே செய்முறை பொருந்தாது. முதலில் உருகலைப் பார்ப்போம்.

துகளைத் தயார் செய்தல்

மிக நுண்ணிய துகள் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். துகள் சிறுக்கச் சிறுக்க எடைக்கு எடை மேற்பரப்பு பெருகும்; ஒன்றோடொன்று ஒட்டும் விசை அதன் எடையை மிஞ்சிவிடும். 10 மைக்ரானுக்குக் கீழே போனால் படிவது குறையும், கட்டி சேர்வது கூடும். 60 மைக்ரானுக்கு மேலே போனால் கட்டி சேராது, ஆனால் கண்முன்னே படியும். சாதாரணக் கலக்கியை வைத்துத் தொடங்குபவர்கள் 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகளை எடுப்பதுதான் சரி என்பேன். நானோ துகள்களை இந்த முறையில் மட்டும் பரப்பிவிட முடியாது. மீயொலி அதிர்வு போன்ற கூடுதல் ஏற்பாடு அவற்றுக்கு வேண்டும்.

சராசரி அளவைவிட அளவின் விரிவு முக்கியம். "30 மைக்ரான்" என்று சீட்டு ஒட்டிய பொட்டலத்தில் 5 மைக்ரான் தூளும் 70 மைக்ரான் துண்டும் சேர்ந்தே இருந்தால், பெரியவை அடிக்குப் போகும், சிறியவை கட்டியாகும். சல்லடையில் சலித்து இரண்டு முனைகளையும் நீக்குங்கள்.

பிறகு சூடாக்க வேண்டும். இது ஈரத்தை விரட்டுவதற்கு மட்டுமல்ல. சிலிக்கன் கார்பைடைக் காற்றில் 1,000 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்தால் அதன் மேற்பரப்பில் மெல்லிய சிலிக்கா படலம் உருவாகும். உருகலில் உள்ள மக்னீசியம் அந்தப் படலத்துடன் வினைபுரியும், நனைதல் மேம்படும், துகளுக்கும் உலோகத்துக்கும் இடையே தீங்கான வினை நடப்பதையும் அந்தப் படலம் தாமதப்படுத்தும். குளிர்ந்த பிறகு துகளைத் திறந்து வைக்காதீர்கள். உருகலில் சேர்க்கும் நேரம் வரை 300 முதல் 400 டிகிரியில் சூடாகவே வைத்திருங்கள். ஈரத்துடன் போகும் துகள் உருகலுக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கும். உருகுநிலையில் இருக்கும் திரவ அலுமினியம் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.7 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்கும். திண்ம அலுமினியத்தால் அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் தாங்க முடியும். மிச்சமெல்லாம் நுண்துளைகளாகும்.

நனைதல்: பாதித் தோல்விகள் இங்கேதான்

உருகிய அலுமினியத்தின் மேல் குளிர்ந்த சிலிக்கன் கார்பைடு தூளைத் தூவினால் அது மிதக்கும். அடர்த்தி கூடுதலாக இருந்தும் மூழ்காது. பரப்பு இழுவிசையும் அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஆக்சைடு தோலும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. வழக்கமான உருக்கு வெப்பநிலைகளில் சேர்கோணம் (திரவத்தின் விளிம்பு துகளின் பரப்பைத் தொடும் கோணம்) 90 டிகிரிக்கு மேல். அதாவது உலோகம் துகளை ஏற்க மறுக்கிறது. வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளினாலும், ஒவ்வொரு துகளும் மெல்லிய காற்றுறையைச் சுமந்துகொண்டே போகும். அப்படிப் போனவை உள்ளே கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும், அல்லது மேலேறி வந்துவிடும்.

இதற்கு எளிய மருந்து மக்னீசியம். உருகலின் எடையில் 1 சதவீதம் போதும். பரப்பு இழுவிசையைக் குறைத்து, ஆக்சைடு தோலோடு வினைபுரிந்து, துகளுக்கு வழிவிடும். அதிகம் போட்டால் நல்லதுதானே என்று 3, 4 சதவீதத்துக்குப் போகாதீர்கள். உருகல் கெட்டிப்படும், மக்னீசியம் எரிந்து வீணாகும், வார்ப்பு நுண்துளைகளால் நிறையும்.

வெப்பநிலையைக் கூட்டினாலும் நனைதல் மேம்படும். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அலுமினியம் சிலிக்கன் கார்பைடைத் தாக்கி அலுமினியம் கார்பைடை உருவாக்கும். அது நொறுங்கும் தன்மை கொண்டது. ஈரம் பட்டால் மீத்தேனை வெளியிட்டுச் சிதையும். வார்த்த அன்று திடமாக இருந்த பொருள் சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே பலமிழக்கும். உருகலில் போதிய சிலிக்கன் முன்பே கரைந்திருந்தால் இந்த வினை தடைபடும். சுமார் 9 சதவீதச் சிலிக்கன் கொண்ட வார்ப்புக் கலவைகள் இந்த வேலைக்கு விரும்பப்படுவது இதனால்தான். தூய அலுமினியத்தையோ சிலிக்கன் குறைந்த கலவையையோ எடுத்தால், துகளாக அலுமினாவைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. எதை எடுத்தாலும், 750 டிகிரியைத் தாண்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பாத்திரமும் சுழலியும்

சுழலியின் விட்டம் மூசையின் உள்விட்டத்தில் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 45 டிகிரி சாய்ந்த நான்கு பிளேடுகள் நல்ல தேர்வு. திரவத்தை அடி நோக்கித் தள்ளும் திசையில் அது சுழல வேண்டும். திசை மாறிவிட்டால் அடியில் ஓட்டம் நலிந்து, அங்கே துகள் குவியும். சுழலி, அடியிலிருந்து திரவ உயரத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உயரத்தில் நிற்கட்டும். தட்டையான அடிப்பாகத்தின் ஓரங்களில் துகள் ஒதுங்கும் என்பதால் வளைந்த அடி கொண்ட மூசை மேல்.

எஃகுச் சுழலியை அப்படியே உள்ளே விட்டால் அலுமினியம் அதைக் கரைத்து இரும்பை இழுத்துக்கொள்ளும். வார்ப்பு நொறுங்கும் தன்மை பெறும். போரான் நைட்ரைடு அல்லது சிர்கோனியா பூச்சு அடித்து நன்றாகக் காயவிட்ட பிறகே பயன்படுத்துங்கள். கிராஃபைட் சுழலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கடினத் துகள்கள் அதைத் தேய்த்துவிடும். பிளேடின் முனை வட்டமாகத் தேய்ந்ததும் மாற்றுங்கள். தேய்ந்த சுழலி பழைய வேகத்தில் பழைய ஓட்டத்தைத் தராது.

உலைக்குப் போகுமுன் ஒருமுறை கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஒத்திகை பாருங்கள். மூசையின் அளவிலேயே கண்ணாடிப் பாத்திரம், அதே சுழலி, அதே உயரம். துகளுக்குப் பிவிசி தூள் பொருத்தமாக இருக்கும். தண்ணீரோடு ஒப்பிட்டால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.4 மடங்கு, அலுமினிய உருகலோடு ஒப்பிட்டால் சிலிக்கன் கார்பைடின் அடர்த்தி 1.35 மடங்கு. ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டால் தூள் நனைந்துவிடும். பாத்திரத்தின் அடியில் விளக்கை வைத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலில் அடியில் வட்டமாக ஒரு மேடு தெரியும். பிறகு அது நடுவில் ஒரு சிறு குவியலாகச் சுருங்கும். இன்னும் கூட்டினால் குவியலின் நுனியிலிருந்து நூல்போலத் துகள்கள் மேலெழுந்து, கடைசியில் அடி வெறுமையாகும். எந்தத் துகளும் அடியில் ஓரிரு வினாடிக்கு மேல் தங்காத அந்த வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உலையின் வாயில் ஒளிரும் உலோகத்தைப் பார்த்து ஒருபோதும் தெரிந்துகொள்ள முடியாததை இந்தப் பாத்திரம் காட்டிவிடும்.

எந்த வேகம்?

அந்த வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. 1958-இல் ஸ்வீட்டெரிங் என்ற ஆய்வாளர் வெளியிட்டது. இன்றும் கலக்கல் பொறியாளர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 130 மில்லிமீட்டர் மூசை, 60 மில்லிமீட்டர் சுழலி, 30 மைக்ரான் துகள், எடையில் பத்து சதவீதம் என்று வைத்து, சுழலிக்கான மாறிலியை 5 என எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 230 சுற்று வருகிறது. சுவரில் தடுப்புப் பட்டைகள் பொருத்திய பாத்திரத்துக்கும், ஏற்கெனவே நனைந்த துகளுக்கும் உரிய எண் இது. மூசையில் பட்டைகள் இருக்காது. திரவம் சுழலியோடு சேர்ந்தே சுற்றும். எனவே நடைமுறையில் கூடுதல் வேகம் வேண்டும்.

சூத்திரத்தின் விடையைவிட, எது எவ்வளவு பாதிக்கிறது என்று அது காட்டுவது பயனுள்ளது. துகளின் அளவை இரட்டித்தால் வேகத்தை 15 சதவீதம் கூட்டினால் போதும். துகளின் எடைப் பங்கை இரட்டித்தால் 9 சதவீதம் போதும். சுழலியின் விட்டத்தை இரட்டித்தாலோ தேவையான வேகம் பாதிக்கு அருகில் இறங்கிவிடும். சிறிய மூசையில் 500 சுற்றில் நன்றாக வந்தது என்று, இரு மடங்கு பெரிய மூசைக்கும் அதே 500 சுற்றைக் கொடுப்பவர்கள் உண்டு. அங்கே 280 போதுமானது. 500 கொடுத்தால் உருகல் காற்றை விழுங்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடியில் துகள் இல்லாதது வேறு. மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் துகள் இருப்பது வேறு. முதல் நிலையை எட்டிய வேகத்தில், மேற்பகுதியில் தெளிந்த திரவ அடுக்கு இன்னும் இருக்கலாம். சீரான பரவலுக்கு அதைவிடக் கணிசமாகக் கூட்ட வேண்டும். ஆனால் மேல் எல்லையும் இருக்கிறது: நடுவில் உருவாகும் சுழியின் நுனி சுழலியைத் தொட்டுவிட்டால் காற்றும் ஆக்சைடு தோலும் உள்ளே இழுக்கப்படும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில்தான் வேலை செய்ய வேண்டும். மேலே சொன்ன அளவுகளுக்கு 350 முதல் 500 சுற்று வரை அந்த இடைவெளி அமையும். சுழியின் ஆழம் திரவ உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுழலியை நடுவிலிருந்து சற்றே விலக்கி வைத்தால் சுழி தணியும், கலக்கலும் மேம்படும்.

உலையருகே: படிப்படியாக

மூன்று கிலோ கூட்டுப்பொருளை எடுத்துக்கொள்வோம். 9 சதவீதச் சிலிக்கன் கலவை 2.7 கிலோ, சிலிக்கன் கார்பைடு 300 கிராம், மக்னீசியம் 27 கிராம். 130 மில்லிமீட்டர் மூசையில் இது ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் உயரம் நிற்கும்.

கைக்கருவி, சுழலி, கரண்டி, அச்சு எல்லாவற்றையும் முன்சூடு செய்துவிடுங்கள். ஈரமான கருவி உருகலுக்குள் போனால் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை வெடித்துத் தெறிக்க வைக்கும். முகக்கவசம், தோல் கையுறை, துகள்தூசியைத் தடுக்கும் மூக்குமூடி இல்லாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

1. கலவையை 720 டிகிரிக்கு உருக்கி, கசடை வழித்து எடுங்கள். ஆர்கான் வாயுவை நுண்குமிழிகளாகச் செலுத்தி ஹைட்ரஜனை வெளியேற்றுங்கள். துகள் சேர்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். துகள் சேர்த்த பிறகு குமிழி விட்டால், சரியாக நனையாத துகள்கள் குமிழியில் ஒட்டி மேலேறிவிடும். தூய்மைப்படுத்தும் உப்புகளும் அவ்வாறே துகளை வெளியே தள்ளும்.

2. மக்னீசியத்தை அலுமினியத் தாளில் சுற்றி, இடுக்கியால் அடிவரை அமிழ்த்திப் பிடியுங்கள். மேலே போட்டால் எரிந்துபோகும்.

3. வெப்பத்தைக் குறைத்து, கலவை உறையத் தொடங்கும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். இந்தக் கலவைக்கு அது 590 டிகிரி அளவில் இருக்கும். உங்கள் கலவைக்குரிய எல்லையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அரைகுறையாக உறைந்த இந்தக் குழம்பில் மிதக்கும் உலோகப் படிகங்கள் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கட்டிகளைத் தேய்த்து உடைக்கும். நனையாத துகளும் மேலேறி ஓட முடியாது.

4. சுழலியை இயக்கி, சூடான துகளை நிமிடத்துக்கு 30 கிராம் வீதம், சுழியின் ஓரத்தில் மெல்லிய ஓட்டமாக விடுங்கள். பத்து நிமிடம் ஆகும். அவசரப்படாதீர்கள். மேற்பரப்பில் தூள் குவியத் தொடங்கினால் உடனே நிறுத்தி, அது உள்ளே போன பிறகே தொடருங்கள். மொத்தமாகக் கொட்டிய தூள் உள்ளே போனாலும் கட்டியாகவே போகும். இந்தக் கொந்தளிப்பு அந்தக் கட்டியை உடைக்காது.

5. மீண்டும் 720 டிகிரிக்குச் சூடாக்கி, பத்து நிமிடம் கலக்குங்கள். அரை மணி நேரம் கலக்கினால் இன்னும் சீராகும் என்பதில்லை. ஆக்சைடும் ஹைட்ரஜனும்தான் கூடும்.

6. முடிந்தால் சுழலி ஓடும்போதே மூசையின் அடித்துளை வழியாக வார்த்துவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால், அச்சை மூசைக்குப் பக்கத்திலேயே வைத்து, சுழலியை எடுத்த அரை நிமிடத்துக்குள் வார்ப்பதற்கு முன்கூட்டியே பயிற்சி செய்துகொள்ளுங்கள். ஊற்றும்போது உருகல் தெறிக்காமல், அச்சின் சுவரை ஒட்டி அமைதியாக இறங்கட்டும்.

உறையும்போது நடப்பது

அச்சுக்குள் போன பிறகும் துகள் நகர்கிறது. உலோகம் கிளைவிட்டுப் படிகமாக வளரும்போது, வளரும் முகப்பு துகள்களைத் தனக்குள் விழுங்காமல் முன்னே தள்ளிக்கொண்டு போகும். கிளைகளுக்கு நடுவே கடைசியாக உறையும் இடங்களில் துகள்கள் சேரும். மெதுவாகக் குளிர்ந்தால் கிளைகள் பருத்து, துகளற்ற பெரிய திட்டுகளும் அவற்றைச் சுற்றித் துகள் வேலிகளும் தெரியும். விரைவாகக் குளிர்ந்தால் கிளைகளின் இடைவெளி துகளின் அளவுக்கே சுருங்கிவிடும். தள்ளினாலும் வெகுதூரம் தள்ள இடமிருக்காது. அதனால் மணல் அச்சைவிட உலோக அச்சு மேல். தடித்த வார்ப்பைவிட மெல்லிய வார்ப்பு மேல். உலோக அச்சை 250 டிகிரி அளவில் முன்சூடு செய்தால் போதும். மேலும் சூடாக்கினால் வார்ப்பு எளிதாக நிரம்பும், பரவல் கெடும்.

எபாக்சி பிசினில்

இங்கே உலை இல்லை, வெடிப்பு இல்லை. ஆனால் கட்டியை உடைப்பது கடினம். துகளை 110 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து, மேற்பரப்புக்கு ஏற்ற, துகளைப் பிசினோடு இணைக்கும் சிலேன் பூச்சு கொடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பிசினை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கித் துகளை மெல்லச் சேர்த்து நனைய விடுங்கள். பிறகு கட்டியை உடைக்கப் பாகுத்தன்மை மீண்டும் கூட வேண்டும். துகளைக் கிழித்துப் பிரிப்பது கெட்டியான திரவத்தின் வெட்டுவிசைதான். தளர்ந்த பிசினில் சுழலி வழுக்கிக்கொண்டு சுழலும். எனவே நனைந்ததும் பிசினைக் குளிரவிட்டு, முழுத் துகளையும் பிசினின் ஒரு பகுதியில் மட்டும் சேர்த்துக் கெட்டியான விழுதாக அரைத்து, பிறகு மீதிப் பிசினால் தளர்த்துவதே சிறந்த வழி.

விளிம்பில் பற்கள் கொண்ட வட்டத்தட்டுதான் இதற்கான சுழலி. அதன் விட்டம் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு. விளிம்பின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். 60 மில்லிமீட்டர் தட்டுக்கு அது நிமிடத்துக்கு 6,400 சுற்று. கலவை நடுவில் இறங்கிச் சுவரோரமாக மேலேறி வளையமாக உருளும். சுவரில் அசையாத பிசின் தெரிந்தால் வழித்து உள்ளே தள்ளுங்கள். சூடு விரைவாக ஏறும் என்பதால் பாத்திரத்தைச் சுற்றிக் குளிர்நீர் ஓட வேண்டும். ஒரு மைக்ரானுக்கும் கீழான துகள்களுக்கு இந்தத் தட்டு போதாது. மூன்று உருளை அரவை இயந்திரம் வேண்டும்.

கட்டி உடைந்ததா என்று பார்க்க ஹெக்மன் அளவி என்ற சிறிய எஃகுக் கட்டை இருக்கிறது. அதன் முகத்தில் ஒரு பள்ளம் ஆழத்தில் தொடங்கிப் படிப்படியாகச் சுழியத்துக்கு ஏறிவரும். ஆழமான முனையில் ஒரு துளி விழுதை வைத்து, எஃகுத் தகட்டால் மறுமுனைவரை ஒரே இழுப்பாக இழுங்கள். உடனே, தாழ்ந்த கோணத்தில் வெளிச்சம் படும்படி பாருங்கள். பள்ளத்தைவிடப் பெரிய கட்டிகள் இருக்கும் இடத்தில் புள்ளிகளும் கீறல்களும் தொடங்கும். அருகே உள்ள அளவுக்கோடு கட்டியின் அளவைச் சொல்லிவிடும். 30 மைக்ரான் துகளுக்கு 80 மைக்ரான் கோட்டிலேயே கீறல் தெரிந்தால் அரைத்தது போதாது.

அரைக்கும்போது புகுந்த காற்றை வெற்றிடத்தில் எடுங்கள். நுரை பல மடங்கு பொங்கும் என்பதால் பாத்திரத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பிசினை இறுகவைக்கும் கடினமாக்கியைக் கடைசியில் சேர்த்து, மெதுவான வேகத்தில் கலந்து, மீண்டும் குறுகிய நேரம் வெற்றிடம் கொடுங்கள்.

பலரும் தவறவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். அச்சை அடுப்பில் வைத்ததும், இறுகுவதற்கு முன் பிசின் சூட்டால் தளரும். பாகுத்தன்மை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் துகள் பத்து மடங்கு வேகமாக இறங்கும். கலக்கும்போது படியாதது அடுப்பில் படிந்துவிடும். முதலில் குறைந்த வெப்பநிலையில் கூழ்நிலை அடையும்வரை வைத்திருந்து, பிறகு படிப்படியாகச் சூட்டை ஏற்றுங்கள். தடித்த வார்ப்பாக இருந்தால் கூழாகும்வரை அச்சை மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பது நல்லது. சிறிதளவு புகைச்சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்கா தூள்) சேர்த்தாலும், அசையாத பிசின் கூழ்போல நின்று துகளைத் தாங்கும். அதற்கு விலை உண்டு: காற்றுக் குமிழி வெளியேறுவது கடினமாகும்.

அளந்து பார்த்தல்

ஒரு மாதிரியை வைத்துச் சீர்மையைச் சொல்ல முடியாது. வார்ப்பின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலும், ஒவ்வொன்றிலும் மையத்திலும் ஓரத்திலும் துண்டு வெட்டுங்கள்.

முதலில் அடர்த்தி. காற்றிலும் நீரிலும் எடை பார்த்தால் போதும். நம் எடுத்துக்காட்டில் நுண்துளையே இல்லாவிட்டால் கன சென்டிமீட்டருக்கு 2.725 கிராம் இருக்க வேண்டும். 2.64 வந்தால் 3 சதவீதம் நுண்துளை. ஆனால் அடர்த்தியை மட்டும் நம்பாதீர்கள். துகள் கூடினால் அடர்த்தி ஏறும், துளை கூடினால் இறங்கும்; இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிடும்.

துகளின் உண்மையான அளவை அறிய, எடை பார்த்த துண்டைக் கரைத்து, மிஞ்சும் துகளை வடிகட்டி, உலர்த்தி, எடை போடுங்கள். சிலிக்கன் மிகுந்த கலவைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் உதவாது. அது அலுமினியத்தைக் கரைக்கும், சிலிக்கனை விட்டுவிடும். அந்தச் சிலிக்கனையும் துகளாகக் கணக்கிட்டு ஏமாறுவீர்கள். சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் இரண்டையும் கரைக்கும். பிறகு நீர்த்த அமிலத்தால் கழுவினால் மற்ற எச்சங்கள் போய்விடும். கரையும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் காற்றோட்டமும் நெருப்பின்மையும் அவசியம். எபாக்சியில் இன்னும் எளிது: உலையில் பிசினை எரித்துவிட்டு மிஞ்சியதை எடை பார்க்கலாம்.

கட்டிகளைப் பார்க்க நுண்ணோக்கிப் படம் வேண்டும். படத்தின்மேல் சம கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றிலும் துகளை எண்ணுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முற்றிலும் ஒழுங்கின்றிப் பரவிய துகள்களிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். கட்டத்துக்குச் சராசரி 25 துகள் என்றால் திட்ட விலக்கம் 5 வருவது இயல்பு, அதாவது 20 சதவீதம். நீங்கள் பார்த்தது 40 சதவீதமாக இருந்தால் துகள்கள் கொத்தாக இருக்கின்றன.

இப்போது நோயைப் பிரித்தறியலாம். அடியில் துகள் கூடி, மேலே குறைந்து, ஆனால் கொத்து இல்லாமல் இருந்தால் படிதல்: வார்க்கும் நேரத்தைச் சுருக்குங்கள் அல்லது சிறிய துகளுக்கு மாறுங்கள். எங்கும் ஒரே சதவீதம், ஆனால் கொத்துகளுக்கு நடுவே கருந்துளைகள் என்றால் நனைதல் தவறியது: துகளின் முன்சூட்டையும் மக்னீசியத்தையும் கவனியுங்கள். கொத்துகள் வலைபோலக் கிளைகளைச் சுற்றி நின்றால் அது உறைதலின் வேலை: அச்சை மாற்றுங்கள். துகளின் மொத்த எடையே குறைந்திருந்தால், வழித்தெடுத்த கசடைக் கரைத்துப் பாருங்கள். காணாமல் போனது அங்கே இருக்கும். வட்டமான பெரிய துளைகளும் மடிந்த ஆக்சைடு தோல்களும் தெரிந்தால் மட்டும் கலக்கியின் வேகத்தில் கை வையுங்கள், அதுவும் குறைப்பதற்காக.

மூசையில் மிஞ்சிய உருகலை அப்படியே உறையவிட்டால் அடியில் துகள் அடர்ந்த கட்டி உருவாகும். அதை வேறு உருக்குக்கான சாதாரணக் கழிவு அலுமினியத்தோடு சேர்த்துவிடாமல் தனியே வைத்து, துகளின் அளவைக் கரைத்து அறிந்து, பொட்டலத்தின் மேல் எழுதி வையுங்கள். அடுத்த கலக்கலில் சேர்க்கும்போது அந்த அளவைப் புதுத் துகளின் எடையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் மீண்டும் உருகிய பிறகு முழு நேரமும் புதிதாகக் கலக்க வேண்டும்.